ஒரே எண்ணில் கப்பலும் பந்தும்

அந்தக் கல்யாண கேக் உருகாமல் இருந்திருந்தால், 9272 என்கிற எண்ணை வாங்க நான் அலைந்திருக்க மாட்டேன்.

2008ஆம் ஆண்டு. எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில், வாலு பே துறைமுகத்தில், கோரோ, சவுசவு வழியாகத் தவெயூனித் தீவுக்குப் போகும் 'செனிமோலி' கப்பலுக்கு டிக்கெட் எழுதுவது என் வேலை. எங்கள் கம்பெனிக்கு இருந்ததே அந்த ஒரு கப்பல்தான். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் என்று பலகையில் எழுதியிருக்கும். அந்தப் பலகையை நம்பியவர்கள் யாரும் இல்லை. சரக்கு ஏறி முடிய வேண்டும், காற்று அடங்க வேண்டும், இயந்திரத்துக்கு மனசு வர வேண்டும். மேசையில் இருந்த ஒரே தொலைபேசி விடிந்ததிலிருந்து அடிக்கும். எல்லாருக்கும் ஒரே கேள்வி. சிலர் 'புலா' என்று ஒரு வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள், நேராக "கப்பல் எப்போ?" தான். கிளம்பும் நேரம் எனக்கே தெரியாத நாட்களில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவேன். ஆகவே ஜனங்கள் பாய், கிழங்கு மூட்டை, கோழிக்கூண்டு சகிதம் வந்து கொட்டகைக்குக் கீழே படுத்துக்கொள்வார்கள்.

லவேனியா என்று ஒரு பெண் அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். கையில் மூன்று அடுக்கு கேக். சவுசவுவில் சனிக்கிழமை அவள் தங்கைக்குக் கல்யாணம். கப்பல் வெள்ளியும் போகவில்லை, சனியும் போகவில்லை. சுவாவின் புழுக்கத்தில் கேக்கின் மேலடுக்கு மெல்லச் சாய்ந்து, சனி மதியம் நடு அடுக்கோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணம் முடிந்திருக்கும் நேரத்தில் அவள் எழுந்து என் கவுன்ட்டருக்கு வந்தாள். திட்டப் போகிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் ஒரு கத்தி கேட்டாள். கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேக்கை வெட்டிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு துண்டு, காகிதத்தில்.

"சாப்பிடு, உனைசி. கிரீம் கொஞ்சம் புளிச்சிருக்கு. மத்தபடி நல்லாத்தான் இருக்கு."

"நான் என்னக்கா பண்ணட்டும்? எனக்கே தெரியலையே."

"தெரியலைன்னாவது சொல்லியிருக்கலாமே. வீட்டுல பிரிட்ஜ்லயாவது வச்சிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தத் துண்டைக் காகிதத்தோடு மேசை ஓரத்தில் வைத்தேன்.

ரேடியோவில் பாட்டுப் போட்டிக்கு வாக்களிக்க நாலு இலக்க எண் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஷார்ட் கோட் என்பார்கள். அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் அது யாருடைய போனுக்கும் போகாது, ஒரு கணினிக்குப் போகும். முதல் வார்த்தையைப் பார்த்துக் கணினி பதிலை அனுப்பிவிடும். பாட்டுக்கு முடிகிறது என்றால் கப்பலுக்கு ஏன் முடியாது? திங்கட்கிழமை முதலாளி மிஸ்டர் அவ்தாரிடம் கேட்டேன்.

"நாலு எண்ணா?" என்றார். "ஏழு எண்ணுல போன் இருக்கே, அதையே நீ எடுக்கறதில்லையாம்."

"அதனாலதான் கேக்கறேன் பாஸ். கப்பல் கிளம்பற நேரத்த நான் ஒரு தடவ எழுதிப் போட்டாப் போதும். ஆயிரம் பேர் கேட்டாலும் அதுவே பதில் சொல்லும்."

"அப்ப உன்னை எதுக்கு வச்சிருக்கேன்?"

"கேக் வெட்டறதுக்கு" என்றேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

எண் வாங்குவது கடையில் சோப்பு வாங்குவது மாதிரி இல்லை. விண்ணப்பத்தில் பதினோரு பக்கங்கள். என்ன தொழில், யாருக்குச் செய்தி போகும், அவர்களாகக் கேட்டுத்தான் போகிறதா, வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவார்கள், புரியாத வார்த்தை வந்தால் என்ன பதில், மாதிரிக்கு ஐந்து செய்திகள். நாட்டில் அப்போது இரண்டு கைபேசிக் கம்பெனிகள். ஒன்று பழையது, ஒன்று அந்த வருஷம்தான் வந்தது. இரண்டிலும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும், இரண்டிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேருக்குத்தான் கப்பல்.

நான் கேட்ட எண் 9272. எங்கள் மொழியில் கப்பலுக்கு வங்கா என்று பெயர், ஆங்கில எழுத்தில் waqa என்று எழுதுவோம். அன்றைய பொத்தான் போனில் அந்த வார்த்தையின் எழுத்துகளை அழுத்தினால் ஒன்பது, இரண்டு, ஏழு, இரண்டு. யாரும் மனப்பாடம் பண்ண வேண்டாம், கப்பல் என்று அடித்தால் போதும். அதைக் கண்டுபிடித்த அன்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

புதிய கம்பெனி ஏழு வாரத்தில் கொடுத்துவிட்டது. பழைய கம்பெனியில், அந்த எண் ஏற்கெனவே ஒருவரிடம் இருக்கிறது என்றார்கள். பெயர் இலிசோனி. நபுவா பக்கம் மைதானத்தில் சனிக்கிழமை பார்க்கலாம்.

போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலியில் ஒரு பெரிய உருவம் குடை பிடித்து உட்கார்ந்திருந்தது. ஐம்பது வயது இருக்கும். காது இரண்டும் ரக்பி ஆடி நசுங்கிப் போன காது. மடியில் ஒரு நோட்டு, கையில் போன். உள்ளூர் ஆட்டங்களின் ஸ்கோரை அறுநூறு பேருக்கு அனுப்புவதுதான் அவர் 9272-ல் செய்துகொண்டிருந்த வேலை. பகலில் பஸ் டிப்போவில் மெக்கானிக்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க அப்பா எந்த ஊரு?"

சொன்னேன்.

அப்போதுதான் திரும்பினார். "அடடா, தௌவு! அதான் பாத்தேன், மழையில குடை இல்லாம வர்ற புத்தி யாருக்கு இருக்கும்னு."

அவர் ஊரும் என் அப்பா ஊரும் ஒன்றுக்கொன்று தௌவு, அதாவது கேலி உறவு. அந்த உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் நக்கலடிக்கலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு உயிர் வந்தது.

"குடைக்குள்ள இடம் இருந்தாத்தானே தௌவு. உங்க ஒரு காதுக்கே அது பத்தலையே."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் எண்ணைக் கொடுக்க மாட்டேன் என்றார்.

"அத என்ன கப்பல்காரங்களுக்குன்னா எழுதி வச்சிருக்கு? எனக்குக் கம்பெனிக்காரனா பாத்துக் குடுத்தது. அறுநூறு பேர் இந்த எண்ணத்தான் எதிர்பாத்துட்டு இருக்காங்க. பாதிப் பேர் தீவுல. அங்க ரேடியோ இழுக்காது."

"வேற எண்ணு வாங்கி, அவங்களுக்குச் சொல்லிட்டா?"

"நான் ஆடின ஒரே பைனல் எழுபத்தொம்பதுல. ஜெயிச்சோம். எங்க அப்பா லாவுத் தீவுல இருந்தாரு. அவருக்கு எப்போ தெரிஞ்சுது தெரியுமா? ஒம்பது நாள் கழிச்சு. உங்க மாதிரி ஒரு கப்பல் போய்ச் சேந்து, அதுலேருந்து இறங்கின ஒருத்தன் சொல்லி. ஒம்பது நாளும் அவரு நாங்க தோத்துட்டதா நெனச்சுட்டு இருந்திருக்காரு." நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். "எண்ண மாத்தினா பத்துப் பேராவது விட்டுப்போயிடுவாங்க. அந்தப் பத்துப் பேர்ல யாரோட அப்பா இருப்பாரோ."

நனைந்துகொண்டே நின்றேன். இடைவேளையில் அவர் எனக்கு மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் கொடுத்தார். சாப்பிடும்போதுதான் தோன்றியது. பிரிப்பது முதல் வார்த்தைதானே? ஒரே எண், இரண்டு வார்த்தை. 'வங்கா' என்று ஆரம்பித்தால் எனக்கு. 'ரகவி', அதாவது ரக்பி, என்று ஆரம்பித்தால் அவருக்கு. புதிய கம்பெனியில் எனக்குக் கிடைத்ததில் அவருக்கும் பாதி. அந்தக் கம்பெனி போன் வைத்திருப்பவர்களும் அவர் ஸ்கோரைக் கேட்கலாம்.

"சனிக்கிழமை ரெண்டு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் என் செய்திதான் வரிசையில முன்னாடி போகணும்" என்றார். "கப்பல் எப்படியும் லேட்டு."

கை கொடுத்தோம். அனுமதிப் படிவங்களை மறுபடி எழுதி, இரண்டு பெயர்களைப் போட்டு, சோதனை முடித்து, டிசம்பரில் எண் திறந்தது.

முதல் மாதத்தில் நடந்த கூத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். கப்பல் நேரம் கேட்டவருக்கு "பாதி ஆட்டம், 14-12" என்று போகும். ஸ்கோர் கேட்டவருக்கு "சரக்கு ஏறுகிறது, எட்டு மணிக்குக் கிளம்பும்" என்று போகும். முதல் வார்த்தையை ஒழுங்காக அடிப்பவர்கள் குறைவு. எந்த வார்த்தையும் பொருந்தாத செய்திகள் இரண்டு பேர் திரையிலும் வந்து விழும். அவற்றைத்தான் நான் ஆசையாகப் படிப்பேன். அந்த எண்ணுக்குப் பின்னால் கணினி இருக்கிறது என்று யாரும் நம்பவில்லை. "அம்மா, நல்லா இருக்கீங்களா, செவ்வாய்க்கிழமை பன்னிக்குட்டி ஏத்தலாமா" என்று கேட்பார்கள். "நேத்து சொன்ன நேரம் சரியா இருந்துச்சு, நன்றி" என்று தனியாக ஒரு செய்தி, அதற்கும் காசு கொடுத்து. ஒரு பொத்தானை மூன்று முறை அழுத்தினால் ஒரு எழுத்து வரும் போன்களில், கீறி எடுத்த ரீசார்ஜ் கார்டின் கடைசிச் சில்லறையில், அவ்வளவு நீளமாக எழுதினார்கள். மதிய வேளையில் நான் கையாலேயே பதில் தட்டுவேன். கொட்டகையில் காத்துக்கிடப்பவர்கள் குறைந்தார்கள். கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்னால், குளித்து, தலை வாரி, சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. முந்தின நாள் மாலை கிளம்பிய செனிமோலி, கோரோத் தீவைத் தாண்டி வடக்கே போகும்போது காலை ஒன்பதரைக்கு இயந்திரம் நின்றது. ஆபீஸ் ரேடியோவில் கப்பலிலிருந்து எங்கள் ஊழியன் தோமாசி கூப்பிட்டான். நூற்று நாற்பத்து மூன்று பயணிகள். கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மிதக்கிறது, அலை சுமார். இழுவைக் கப்பல் சுவாவிலிருந்து போக வேண்டும். போய்ச் சேர ஞாயிறு விடிந்துவிடும்.

மிஸ்டர் அவ்தார் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். இழுவைக் கப்பலுக்கும் துறைமுக அதிகாரிகளுக்கும் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாருக்கும் எதுவும் சொல்லாத. 'தாமதம்'னு மட்டும் போடு."

"பாஸ், பன்னெண்டு மணிக்கு சவுசவு துறையில ஆளுங்க நிப்பாங்க."

"நின்னா நிக்கட்டும். இயந்திரம் நின்னுடுச்சுன்னு சொன்னா மூழ்கிடுச்சுன்னுதான் ஊர்ல பேசுவாங்க. உனக்குத் தெரியாதா?"

"சொல்லலைன்னாலும் அதத்தானே பேசுவாங்க?"

"உனைசி. தாமதம். அவ்வளவுதான்."

அவர் துறைமுக ஆபீசுக்குப் போய்விட்டார். நான் 'தாமதம்' என்று போட்டேன். பத்தரைக்குள் திரை நிரம்பிவிட்டது. எவ்வளவு தாமதம், ஏன் தாமதம், தம்பி போன் எடுக்கவில்லை, மகள் போன் எடுக்கவில்லை. கப்பல் மூழ்கியது உண்மையா என்று ஒருவர். பிறகு அதே கேள்வி ஏழு பேரிடமிருந்து. எல்லாவற்றுக்கும் கணினி தானாகவே "தாமதம்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மூழ்கியது உண்மையா? தாமதம். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

பதினொரு மணிக்கு, இந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருந்த எண்ணூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் எழுதினேன்: "கோரோவுக்கு வடக்கே கப்பலின் இயந்திரம் நின்றுவிட்டது. கப்பல் மிதக்கிறது. 143 பேரும் நலம். இழுவைக் கப்பல் கிளம்பிவிட்டது, நாளை காலை சேரும். உங்கள் ஆளின் பெயரை அனுப்புங்கள், விசாரித்துச் சொல்கிறோம்." அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலை இல்லை.

பெயர்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றாக ரேடியோவில் தோமாசிக்குச் சொல்வேன், அவன் தளத்தில் போய்க் கத்திக் கூப்பிடுவான், பதிலோடு வருவான். ரேடியோவையும் விசைப்பலகையையும் ஒருத்தி எப்படிச் சமாளிப்பது? இரண்டே முக்கால் மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு இலிசோனி உள்ளே வந்தார். நனைந்த தொப்பி, கையில் நோட்டு. அன்று பள்ளி அணிகளின் இறுதி ஆட்டம், வருஷத்தின் பெரிய ஆட்டம்.

"தௌவு, நீங்க மைதானத்துலல்ல இருக்கணும்?"

"பாதியில வந்துட்டேன். ஸ்கோர் கேக்கற இடத்துல எல்லாம் 'ரகவி, என் தம்பி கப்பல்ல', 'ரகவி, என் பொண்ணு கப்பல்ல'ன்னு வருது. நான் 9-3ன்னா பதில் அனுப்பறது?" நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வரிசையில இன்னைக்கு நீ முன்னாடி போ. எந்தப் பொத்தான்?"

நான் ரேடியோவில் பேச, அவர் அந்த மொத்த விரல்களால் தட்டினார். ஒருவர் எழுதியிருந்தார்: "என் மனைவி. பச்சைச் சட்டை. அவளுக்குக் கடல் ஒத்துக்காது. எலுமிச்சை இருந்தால் கொடுங்கள்." தோமாசி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "எலுமிச்சை இல்ல. இஞ்சி குடுத்தாச்சு. இப்ப எல்லாருக்கும் பாட்டுச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கா. அவருகிட்ட கோழிய அடைச்சிட்டுத் தூங்கச் சொல்றா." இலிசோனி அதை அப்படியே, கோழி உட்பட, அனுப்பினார். நடுநடுவே "ஸ்கோர் என்ன???" என்று ரசிகர்கள் கத்தினார்கள். "கப்பல் வரட்டும்" என்று பதில் போட்டார்.

நான்கு மணிக்கு மிஸ்டர் அவ்தார் வந்தார். திரையைப் பார்த்தார். இலிசோனியைப் பார்த்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"தாமதம்னு போடச் சொன்னீங்க பாஸ். போட்டேன். அப்புறம் மீதியையும் போட்டேன்."

"இதுக்கு நான் பொறுப்பில்ல."

"சரி பாஸ்" என்றேன். ரேடியோவில் தோமாசி அடுத்த பெயரைக் கேட்டான். அவர் வெளியே போனார். கூட்டம் வந்து ஆபீஸைக் கல்லால் அடிக்கும் என்று பயந்து வாசலில் ஒரு காவலரை நிறுத்தியிருந்தார். யாரும் கல் எடுத்துக்கொண்டு வரவில்லை. கொட்டகையில் முப்பது பேர் உட்கார்ந்து, கையில் போனை வைத்துக்கொண்டு, வந்ததை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் எழுந்து மிஸ்டர் அவ்தாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். காவலர் பிறகு சொன்னார்.

ஞாயிறு மதியம் செனிமோலியைச் சவுசவுவுக்கு இழுத்து வந்து சேர்த்தார்கள். எல்லாரும் இறங்கினார்கள். தோமாசிக்குத் தொண்டை கட்டி ஒரு வாரம் பேச்சு வரவில்லை.

திங்கட்கிழமை என் சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்தார். அந்தச் செய்தியை யாரிடமோ வாங்கித் துண்டுத்தாளில் எழுதி வைத்திருந்தார்.

"நீ எழுதினதா?"

"ஆமா பாஸ்."

"கப்பல் பேரே இதுல இல்ல. அடுத்த தடவ பேரோட எழுது." போய்விட்டார்.

அடுத்த தடவை என்ற வார்த்தையை நான் அன்று முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் விதி விதிதான். கப்பல் நேரமும் ஸ்கோரும் சொல்வதற்குத்தான் எண்ணுக்கு அனுமதி, ஆள் விசாரிக்க இல்லை. கைபேசிக் கம்பெனிக்காரர்கள் விளக்கக் கடிதம் கேட்டு, இரண்டு வாரம் எண்ணை நிறுத்தி வைத்தார்கள். இரண்டு சனிக்கிழமை ஸ்கோர் போகவில்லை. இலிசோனி தினமும் போன் பண்ணித் திட்டினார்.

"உங்க ஊர்க்காரிய நம்பி எண்ணப் பங்கு போட்டேன் பாரு. எங்க ஊர் ஆடு கூட இப்படிப் பண்ணாது."

"உங்க ஊர் ஆடுதானே தௌவு அந்தப் பொத்தான எல்லாம் தட்டினது?"

நான் எழுதிய விளக்கக் கடிதம் ஆறு பக்கம். அந்த மனைவியின் கோழியையும் எழுதினேன். எண் திரும்பி வந்தபோது, அனுமதிப் பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: அவசரகாலத் தகவல்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அந்த எண் ஓடியது. புயல் வந்தபோது ஓடியது, பைனல்கள் வந்தபோது ஓடியது. பிறகு தொடுதிரை போன்கள் வந்தன. கப்பல் எங்கே போகிறது என்று வரைபடத்திலேயே புள்ளி நகர்ந்தது. ஸ்கோரைக் கேட்க யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, ஆட்டமே கைக்குள் தெரிந்தது. நாளுக்கு நானூறு செய்தி வந்த திரையில் நாற்பது வந்தது, பிறகு நாலு. 2019-ல் மிஸ்டர் அவ்தார் செனிமோலியை விற்றுவிட்டு மகளிடம் ஆக்லாந்துக்குப் போனார். எண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வாங்கப் பதினோரு பக்கம் எழுதியவள், கொடுக்க அரைப் பக்கம் எழுதினேன். கீழே இரண்டு கையெழுத்து வேண்டும். இலிசோனி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை.

சேவையை நிறுத்தும்போது பட்டியலில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. டீயைக் குடித்துக்கொண்டே வாசகத்துக்குச் சண்டை போட்டோம். அவர் "ஆட்டம் முடிந்தது" என்று போடச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, கப்பல் பட்டியலில் யாராவது பயந்துவிடுவார்கள். கடைசியில், "9272 இன்று மாலை ஐந்து மணியோடு நிற்கிறது. இத்தனை வருஷம் எங்களோடு பேசியதற்கு நன்றி. உனைசி, இலிசோனி" என்று அனுப்பினோம். அதுவரை அந்த எண்ணிலிருந்து எங்கள் பெயர் ஒருமுறைகூடப் போனதில்லை.

மூன்று மணியிலிருந்து பதில்கள் வந்தன. பாதிக்கு மேல் "யார் நீங்கள்?" என்றுதான் இருந்தன. பத்து வருஷத்தில் போன் எண்கள் கைமாறியிருக்கும். இலிசோனி தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதைப் பார்த்து அவர் இன்னும் சிரித்தார். பிறகு இரண்டு பேரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கையால் பதில் எழுத ஆரம்பித்தோம், யார் என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ரபித் தீவிலிருந்து ஒன்று வந்தது. பெயர் போடவில்லை. "நாங்கள் எல்லாரும் நலம். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?"

"என்ன எழுத?" என்றேன்.

"நல்லா இருக்கோம்னு எழுது. எனக்கு முழங்கால் வலின்னும் எழுது."

இரண்டையும் எழுதினேன். போய்ச் சேர்ந்தது என்று திரையில் வந்தது.